அறை 312-இன் இரண்டு டம்ளர்கள்

"வியாழன், 17 நவம்பர் 2022. மூன்றாம் தளம். அறை 312. உள்ளே 11.40, வெளியே 12.05. படுக்கை விரிப்பு 2, தலையணை உறை 4, குளியல் துண்டு 2, முகத்துண்டு 2, டம்ளர் 2."

இது செகந்திராபாத் ரயில் நிலையத்துக்கு அருகில் நான் வேலை பார்த்த ஹோட்டலின் அறைப் பணித்தாளில் ஒரு வரி. அதன் படம் என் கைபேசியில் இருக்கிறது. வரியின் கடைசியில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் அறையைச் சுத்தம் செய்த பெண்மணியின் கையெழுத்து, தெலுங்கு எழுத்தில். இரண்டாவதில் என் சுருக்கொப்பம். அதற்கு "சரிபார்த்தேன்" என்று பொருள். அறைக்குள் உண்மையில் யார் யார் வேலை செய்தார்கள் என்று எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.

விருந்தினர் காலி செய்துவிட்டுப் போன அறையை ஓர் ஆள் முறையாகச் சுத்தம் செய்ய நாற்பது நிமிடம் ஆகும். 312 இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்திருக்கிறது. இந்தத் தாளைக் கவனித்துப் பார்த்த எவரும் உள்ளே இரண்டு பேர் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். யாரும் கவனித்துப் பார்க்கவில்லை. அந்த ஹோட்டலில் தாள்களைக் கவனித்துப் பார்க்கிறவன் என்று பெயர் எடுத்திருந்தவன் நான்தான்.

நான் திருச்சிக்காரன். 2016-இல் ஹைதராபாத் வந்து, ஹவுஸ்கீப்பிங்கில் தளக் கண்காணிப்பாளராகச் சேர்ந்தேன். நாளும் நேரமும் போட்டு எழுதிவைப்பது எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உள்ள பழக்கம். எந்த அறைக்கு எந்தத் தேதியில் திரைச்சீலை மாற்றினோம், எந்தக் குழாய் எப்போது ஒழுக ஆரம்பித்தது, எல்லாம் என் நோட்டில் இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் பணியாளர்களுக்கு ஒரு கையேடும் எழுதினேன். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும், படங்களோடு, முப்பத்திரண்டு பக்கம்.

அதில் பெருமைப்பட்டேன் என்பதை மறைத்துப் பயனில்லை. கதவைத் திறந்ததும் முதலில் திரையை விலக்கு. கழிப்பறையில் மருந்தை ஊற்றிவிட்டு வெளியே வந்து படுக்கையைப் பார். மருந்து வேலை செய்யப் பத்து நிமிடம் வேண்டும், ஊற்றிய கையோடு தேய்த்தால் வெறும் வாசனைதான் மிஞ்சும். தூசியை மேலிருந்து கீழாகத் தட்டு. கதவில் தொடங்கி அறையை ஒரு சுற்றுச் சுற்றிக் கதவிலேயே முடி, அப்போதுதான் எதுவும் விடுபடாது. தரையைக் கடைக்கோடியிலிருந்து பின்னோக்கி நடந்தபடி துடைத்து வெளியே வா. கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, கைகழுவும் தொட்டிக்கு மஞ்சள், கண்ணாடிக்கு நீலம், மேஜை நாற்காலிக்குப் பச்சை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகவே கூடாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு எழுதியிருந்தேன்.

மூன்றாம் தளத்துப் பெண்மணி அதை முழுவதும் படித்த ஒரே ஆள். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த குடும்பம். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். அவர் தமிழில் தெலுங்கும் இந்தியும் தாராளமாகக் கலந்திருக்கும்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. நான் அவரை அக்கா என்பேன். அவர் நாலு பேர் முன்னால் என்னை சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி.

"ஹவ், நல்லா எழுதியிருக்கீங்க தம்பி," என்றார் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது. "எல்லாத்துக்கும் பக்கம் இருக்கு. முதுகு வலிக்கு மட்டும் பக்கம் இல்ல."

"அடுத்த பதிப்புல சேத்துடறேன் அக்கா."

"நக்கோ, நக்கோ. அப்புறம் அதுக்கும் ஒரு கலர் துணி குடுப்பீங்க."

அவர் ஹோட்டலின் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள். பதினோரு வருடத்தில் நான்கு கட்டடங்கள் மாறியிருந்தார். "நாளைக்கு அங்க போ" என்று ஒரு போன் வந்தால் போக வேண்டும். முட்டி வலிக்காக நான்கு நாள் விடுப்பு எடுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்திருக்கும். அந்த நவம்பரில் ஹோட்டல் நிர்வாகம் ஒப்பந்தப் பணியாளர்களில் மூன்று பேரைத் தன் ஆட்களாக எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. பரிந்துரைத்தவர்களில் நானும் ஒருவன். மாத முடிவில் கையெழுத்தாக வேண்டியது. அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்துத் தயாராக வைத்திருந்தார். "இதுல மூஞ்சி கொஞ்சம் பெர்மனென்ட்டா இருக்குல்ல?" என்று எனக்குக் காட்டினார்.

பதினேழாம் தேதி ஒரு கல்யாணக் கூட்டம் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்குவதாக இருந்தது. தளத்தில் இரண்டு பேர் வரவில்லை. பதினொன்றரைக்கு மேலாளர் அம்மா போன் செய்து, 312 பன்னிரண்டு மணிக்குள் வேண்டும், மணப்பெண்ணின் அத்தைக்கு, என்றார். நான் கோட்டைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டினேன்.

"சார் கோட்டைக் கழட்டிட்டாரு," என்றார் அக்கா, தள்ளுவண்டியை உள்ளே இழுத்துக்கொண்டே. "இன்னிக்கு செகந்திராபாத்ல மழைதான்."

அவர் படுக்கை, நான் குளியலறை என்று பிரித்துக்கொண்டோம். தண்ணீர்க் கெண்டி பக்கத்தில் தட்டில் இருந்த இரண்டு டம்ளர்களும் என் பங்குக்கு வந்தன. உபயோகித்த டம்ளர்களை எடுத்துவிட்டு, வண்டியில் உள்ள ரேக்கிலிருந்து கழுவிய டம்ளர்களை வைக்க வேண்டும். ரேக் காலி. விருந்து மண்டபத்துக்காரர்கள் காலையில் வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். தளத்தின் சாமான் அறை நடைபாதையின் மறுகோடியில். அங்கே போய் வெந்நீரில் கழுவி, கவிழ்த்து, உலரவிட்டு எடுத்துவர இன்னும் பத்து நிமிடம் ஆகும்.

குளியலறைக் குழாயில் இரண்டையும் அலசினேன். கீழே குவித்துப் போட்டிருந்த அழுக்குத் துண்டுகளுக்கு மேலே ஒரு முகத்துண்டு கிடந்தது. வெள்ளையாக, ஈரமில்லாமல் தெரிந்தது. அதை எடுத்து உள்ளும் புறமும் துடைத்தேன். பிறகு ஒவ்வொன்றின் வாயிலும் காகித மூடியைப் போட்டேன். அந்த மூடியில் "உங்களுக்காகக் கிருமி நீக்கம் செய்யப்பட்டது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். அக்கா அப்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் மடித்துக்கொண்டிருந்தார்.

என் அன்றைய நாட்குறிப்பில் கல்யாணக் கூட்டம் வந்த நேரம் இருக்கிறது, 12.20. லிஃப்ட் ஏழு நிமிடம் நின்றது இருக்கிறது. மதியம் சாப்பிட்டது கூட இருக்கிறது. டம்ளர் இல்லை.

மாலையில் அத்தை புகார் செய்தார். காகித மூடியை எடுத்தால் டம்ளர் விளிம்பில் உதட்டுச் சாயம், உள்ளே தலை எண்ணெய் வாடை. மூடியையும் விளிம்பையும் சேர்த்துப் படமெடுத்து, அறை பதிவுசெய்யும் இணையதளத்தில் போட்டுவிட்டார். அதற்கு மேல் விசாரணை இல்லாமல் விட முடியாது.

திங்கட்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, காலை பத்தரை. மேலாளர் அம்மாவின் அறை. அவர் ஹைதராபாத்காரர், கெட்டவர் அல்ல. அன்று அவருக்கும் மேலிடத்திலிருந்து நெருக்கடி. மேஜை மேல் பணித்தாள், பக்கத்தில் என் கையேடு. அக்கா நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாற்காலி.

"டம்ளர் பற்றிய பக்கத்தைப் படியுங்கள்," என்று என்னிடம் சொன்னார்.

நான் இந்தியில் படித்தேன். நானே எழுதியது. "டம்ளரை அறைக்குள் கழுவக் கூடாது. அறைக்குள் இருக்கும் எந்தத் துணியாலும் துடைக்கக் கூடாது. விருந்தினர் நம்மை நம்பி வாயில் வைக்கிற பொருள் இது ஒன்றுதான்." குரல் தடுமாறவில்லை. தடுமாறியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

"இது உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதானே?" என்று அவர் அக்காவைக் கேட்டார்.

"ஹவ் மேடம். தெரியும்."

"பிறகு ஏன் செய்தாய்?"

"டம்ளரை நான் தொடலை மேடம்."

"அறை உன்னுடையது. கையெழுத்து உன்னுடையது. டம்ளர் தானாகத் துடைத்துக்கொண்டதா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். அதுவரை இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழுக்கு மாறினார். சத்தம் போடாமல், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி கேட்டார்:

"நீங்களே சொல்லிடறீங்களா தம்பி?"

மேலாளர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அக்கா வேண்டுமென்றேதான் தமிழில் கேட்டார். இந்தியில் ஒரே வாக்கியத்தில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் நானாகச் சொல்ல எனக்கு இடம் விட்டார்.

"என்ன கேட்கிறாள்?" என்றார் மேலாளர் அம்மா.

"எங்கே கையெழுத்துப் போடணும்னு கேக்கறாங்க," என்றேன் இந்தியில்.

அக்காவுக்கு இந்தி என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொன்னதை அவர் கேட்டார். ஒரு கணம் என்னையே பார்த்தார். கோபம் இருந்ததாக நினைவில்லை. பட்டறையில் ஒரு கருவியைக் கையில் வாங்கி, இது தேறாது என்று கீழே வைப்பார்களே, அப்படி ஒரு பார்வை. பிறகு குனிந்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். விளக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதியது நான். "கவனக்குறைவு" என்று எழுதினேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு திட்டு. மிஞ்சிப்போனால் ஓர் எச்சரிக்கைக் கடிதம். நான் நிரந்தரப் பணியாளன், வேலை போயிருக்காது. மேலாளர் அம்மாவே சிரித்துக்கொண்டு, புத்தகம் எழுதியவரே இப்படியா என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வி தளம் முழுக்கப் பரவும் என்பதுதான் என் பயம். ஒருவரின் பதினோரு வருடக் காத்திருப்பை நான் அதற்கு விலையாகக் கொடுத்தேன். என்னுடையதாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் வேறு இடத்துக்கு மாற்றினார். நவம்பர் முப்பதாம் தேதி சீருடையைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்கு வந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்தார். வாங்கிக்கொள்ள வேண்டியவன் நான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"டம்ளர் ரேக்கு ரெண்டு வெச்சுக்கோங்க சார். ஒண்ணைப் பூட்டி வைங்க. மண்டபத்துக்காரங்க கேட்டா நக்கோன்னு சொல்லுங்க. உங்களுக்கு இல்லைன்னு சொல்ல வராது."

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவர் சார் என்றார்.

அவர் சொன்னதைச் செய்தேன். தளத்துக்கு இரண்டு ரேக், ஒன்று பூட்டில். கையேட்டின் அடுத்த பதிப்பில் அதைச் சேர்த்தேன். நல்ல யோசனை என்று கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். அதற்கும் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

2024 மார்ச்சில் அந்த வேலையை விட்டேன். கடைசி நாளன்று நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். பழைய மேலாளர் அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் நின்றபடியே படித்தார். "இப்ப இதுக்கு என்ன பண்ணணும்கறீங்க?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். கோப்பில் வைக்கச் சொன்னேன். வைத்தாரா என்று நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. வேலையை விட்டுப் போகிறபோது ஒப்புக்கொள்வதற்குப் பெரிய தைரியம் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவரைத் தேடினேன். என்னிடம் இருந்த எண் வேறு யாருக்கோ போயிருந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள், சைனிக்புரியில் வாடகைக்கு விடும் அறைகள் உள்ள ஒரு கட்டடத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். காவலாளிக்கு அவரை நினைவிருந்தது. "பாத்ரூம்ல மருந்து ஊத்திட்டு யாரையும் உள்ள விடமாட்டாங்க. பத்து நிமிஷம் கடியாரத்தைப் பாத்துக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. முதலாளிக்கு அது பிடிக்கலை," என்றார். ஏழெட்டு மாதத்தில் போய்விட்டாராம்.

போன மாதம் பழைய மூன்றாம் தளப் பணியாளர் ஒருவரைப் பேருந்தில் பார்த்தேன். அக்கா இப்போது குஷாய்குடா பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவில் இருக்கிறார், போன வருடம் அங்கே நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டேன். யாரோ சொன்னார்கள் என்றார். மருத்துவமனையின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் மூன்று மருத்துவமனைகளை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். உள்ளே போய் விசாரிக்கவில்லை. ஆகவே, அவர் நிரந்தரப் பணியாளர் ஆனார் என்ற தகவல், இதை எழுதும் இன்றுவரை, என்னால் உறுதி செய்யப்படவில்லை.