கோடித்துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தவர்

மயில்சாமி அண்ணன் போய்விட்டார் என்று நல்லூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னபோது நான் நம்பவில்லை. எதையும் ஒரே தடவையில் ஒத்துக்கொள்கிற மனிதரா அவர்? எமனே வந்து கூப்பிட்டிருந்தாலும், "ஏனுங்க, ஊடு மாறி வந்துட்டீங்களா?" என்று கேட்டிருப்பார். நேரில் போய் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவர் செக்கிங். ஒவ்வொரு பனியனையும் டியூப்லைட்டில் பிடித்து ஓட்டை தேடுவார். அந்தப் புத்தி வெளியிலும் போகாது. மழை பெய்தால், "ஒரு தூத்தலை நம்பாதே கண்ணு" என்பார். "சாமி இருக்குதுங்களாண்ணா?" என்று சீண்டினால், "இன்னும் பாஸ் பண்ணலை. தனியா எடுத்து வெச்சிருக்கறேன்" என்பார். ஆனாலும் மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் டெய்லர் செல்வராசு காய்ச்சலில் இறந்தான். தென்பக்கத்துக்காரன். மனைவியைத் தவிர இங்கே ஒருவரும் இல்லை. ஊரிலிருந்து ஆள் வருவதற்குள் எடுத்தாக வேண்டும். உறவுக்காரர்கள் போர்த்த வேண்டிய கோடித்துணிக்கு அவள் எங்கே போவாள்? கம்பெனியிலிருந்து மேனேஜர் வெள்ளைத் துணி கொண்டுவந்தார். முதலாளிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அண்ணன் மட்டும் அதை வாங்கி, விரித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கினார். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஒழுகியது.

"இது கழிச்ச துணியுங்க. நானே கழிச்சதுங்க."

"யோவ், எழவு வீட்ல என்னய்யா செக்கிங்?" என்று மேனேஜர் சீறினார்.

என் வாயும் சும்மா இருக்கவில்லை. "விடுங்கண்ணா. மண்ணு என்ன ஓட்டை பாத்தா வாங்குது?"

"மண்ணு பாக்காது கண்ணு. குடுக்கறவன் பாக்கோணும். செத்தவன் திருப்பி அனுப்ப மாட்டான்னு ஒரு தைரியம்."

மேனேஜர் துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பிணம் கோடியில்லாமல் கிடந்தது. பேர் வாங்கப் பார்க்கிறான் என்று அண்ணனைப் பற்றி முணுமுணுத்தார்கள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது. செல்வராசின் மனைவி சொன்னாள்: "அதையே போத்திருக்கலாம்லா அண்ணாச்சி? உசுரோட இருக்கையிலயும் அவுக ஓட்டப் பனியன்தான போட்டாக."

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுப் பக்கம் போனார்.

பொழுது சாய்வதற்குள் முதலாளியே புதுத்துணியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னாலேயே வந்த அண்ணன் அதையும் வாங்கி விரித்தார்.

"ஏனப்பா, என்னையுமா?"

"எல்லாத்தையும் பாக்கத்தானுங்க சம்பளம் குடுக்கறீங்க."

ஒரு ஓரம் விடாமல் பார்த்தார். "சரியா இருக்குதுங்க" என்று முதலாளி கையிலேயே திருப்பிக் கொடுத்தார். முதலாளி குனிந்து போர்த்தினார். அதுவரை அழாதிருந்த அந்தப் பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அடுத்த வாரமே மேனேஜர் அவரைப் பண்டல் கட்ட அனுப்பிவிட்டார். "இனி சந்தேகப்பட ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டேன். "கயிறு இருக்குதல்லோ" என்றார்.

நல்ல மனிதர் என்று எழுதினால் யார் சொன்னது என்று கேட்பார். அதனால் எழுதவில்லை. யாருக்காவது எதையாவது கொடுத்து என் மனம் குளிரும்போதெல்லாம், எனக்கு வேண்டாததைத்தானே கொடுத்தேன் என்று ஒரு சந்தேகம் வருகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். பல நாள் அது, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு நல்லதாக வேறொன்றைக் கொடுக்க வைத்துவிடுகிறது.