வெண்கட்டியால் எழுதிய இரண்டு எழுத்துகள்

1993 மார்ச் 10, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசி, தேநீர் குடித்தேன். ஐந்தே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் வடித்து ஊற்றினேன். ஆறு பத்துக்கு, ஈரத்துணி ஒன்றால் இரண்டு ரயர்களில் இருந்த வெண்கட்டி எழுத்துகளை அழித்து, இடம் மாற்றி எழுதினேன். ஏழு மணிக்குக் கந்தோருக்குப் புறப்பட்டேன்.

என் குற்றம் அந்த ஆறு பத்தில் இருக்கிறது.

வெடிக்கக்கூடிய ரயர் என்று தெரிந்துகொண்டே அதை என் நண்பனின் பின் சில்லில் பொருத்தினேன். நல்லதை எனக்கு வைத்துக்கொண்டேன். இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவன். ஒரு காணியின் எல்லையை அரை அங்குலமும் பிசகாமல் வரைந்து கொடுப்பவர் சிவபாதம் என்று பண்டத்தரிப்பில் பெயர். அன்றைக்கு இருபத்துநான்கு வருடங்களாக நாட்குறிப்பு எழுதி வந்திருந்தேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்ட திகதிகூட அதில் இருக்கும். அந்தப் பெயரை நம்பித்தான் தேவசகாயம் என்னிடம் வந்தான்.

தேவசகாயம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவன். என்னைவிட எட்டு வயது இளையவன். இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. எங்கள் இருவரிடமும் ஒரே வகை மோட்டார் சைக்கிள் இருந்தது. இரட்டைச் சிலிண்டர், தாழ்ந்த கைபிடி, நீண்ட இருக்கை... நெடுந்தூரத்தை வேகமாகக் கடப்பதற்கென்று ஜப்பானில் செய்தது. போரால் தெற்கே போகும் பாதை மூடியபின் நெடுந்தூரம் என்று ஒன்று எங்களுக்கு மிஞ்சவில்லை. பெற்றோலும் இல்லை. ஒரு துளி பெற்றோல் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ரயரோ, அரசாங்கம் தடைசெய்த பொருள்களின் பட்டியலில் இருந்தது.

ஆனால் அவனுக்கு நெடுந்தூரம் ஒன்று இருந்தது. அவன் மனைவி றோஸ்மலர் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் தாதி. திங்கள் காலை அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டுபோய் விடுவான். சனி மாலை கூட்டிவருவான். ஒரு வழி ஏறக்குறைய இருபத்திரண்டு மைல். நடுவே வல்லை வெளி. மரமோ வீடோ இல்லாத உப்புத் தரை. காற்று மட்டும் ஓயாமல் அடிக்கும்.

எங்கள் இருவரின் பின் ரயர்களும் மொட்டையாகிவிட்டிருந்தன. செவ்வாய்க்கிழமை கந்தோர் முடிந்ததும் இருவருமாகச் சுன்னாகத்துக்குப் போனோம். அங்கே ஒரு கடைக்காரர், பழைய இருப்பு என்று சொல்லிப் பரணிலிருந்து நான்கு ரயர்களை இறக்கி வைத்தார்.

முதலாவது, தடித்த கட்டைகள் வைத்தது. மணலில் நன்றாக ஏறும். தார் வீதியில் வளைவில் சாய்த்தால் கூத்தாடும். வேண்டாம் என்றேன். இரண்டாவது அகலம் கூடியது. அளந்து பார்த்தேன், சங்கிலியில் உரசும். மிஞ்சிய இரண்டும் எங்கள் அளவு, ஒரே வகை, ஒருநாளும் ஓடாதவை. வார்ப்பில் வந்த றப்பர் மயிர்கள்கூட உதிரவில்லை. முகத்தோடு முகம் வைத்துச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. வரிப்பள்ளத்தின் ஆழத்தை அடிமட்டத்தால் எட்டு இடங்களில் அளந்தேன். பக்கச் சுவரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

"ஐயா, பொம்பிளை பாக்க வாற ஆக்களும் இவ்வளவு நேரம் எடுக்கிறேல்லை," என்றார் கடைக்காரர்.

"பொம்பிளை பிழைச்சாலும் சமாளிக்கலாம் முதலாளி. ரயர் பிழைச்சால் என்ன செய்யிறது?" என்றான் தேவசகாயம். பிறகு என் பக்கம் திரும்பி, "உதை றோசிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை," என்றான்.

"இரண்டிலும் ஒரு குறையுமில்லை," என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

கயிற்றை அவிழ்த்து உட்பக்கம் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? கடைக்காரரின் பகிடிக்குப் பிறகு இன்னும் கால்மணி நேரம் எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

"நீங்கள் மூத்தவர். முதல் எடுங்கோ," என்றான் அவன். இடப்பக்கம் இருந்ததைத் தொட்டேன். சட்டைப்பையிலிருந்த வெண்கட்டியால் அதில் 'சி' என்றும், மற்றதில் 'தே' என்றும் எழுதினேன். பொருத்துவதற்கான நெம்புகோல்கள் என்னிடம் இருந்ததால் இரண்டையும் என் வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

மறுநாள் காலை, வெளிச்சத்தில், 'சி' என்று எழுதிய ரயரை விரித்துப் பார்த்தேன். பரணில், தகரக் கூரையின் கீழ், பல வருடம் கம்பியில் தொங்கிக் கிடந்திருக்கிறது. தொங்கிய இடத்தில் மடிந்து, உள்ளே ஒன்பது சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெடிப்பு. விரலால் அகட்டினால் நூலிழைகள் அறுந்து நிற்பது தெரிந்தது. மற்றதை விரித்தேன். ஒன்றுமில்லை.

கெட்டது எனக்கு வந்திருந்தது! நானே தொட்டு எடுத்தது.

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நான் உள்ளே பார்க்கவில்லை, பிழைவிட்டுவிட்டேன்" என்று சொல்லியிருப்பீர்கள். ஒன்றை வைத்து இருவரும் மாறி மாறி ஓடியிருப்பீர்கள்... நான் கணக்குப் பார்த்தேன். நான் நூற்றைம்பத்தாறு இறாத்தல். அவன் நூற்றுப்பதினெட்டு. பாரம் குறைந்தவனுக்கு அந்த ரயர் தாங்கும். நான் கிழமையில் ஆறு நாள் ஓடுகிறேன். அவனுக்கு இரண்டு நாள்தான் தூர ஓட்டம். ஆகவே அது அவனிடம் இருப்பதுதான் பொருத்தம். இப்படிக் கூட்டிக் கழித்தேன். ஒரு காணிப் பிணக்கைத் தீர்ப்பதுபோல அமைதியாக.

றோஸ்மலரின் பாரத்தை நான் கூட்டவேயில்லை.

துணியை நனைத்து அழித்து எழுத ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அன்றைய குறிப்பில் எழுதியது இது: "காலை 6.10. இரண்டு ரயர்களும் உள்ளும் புறமும் பரிசோதிக்கப்பட்டன. குறையில்லை." இருபத்துநான்கு வருடங்களில் நான் எழுதிய ஒரே பொய். எழுத்து வழக்கம்போல அழகாகவே இருக்கிறது.

அன்று பின்னேரம் அவனுடையதைப் பொருத்தினேன். அவன் சில்லைப் பிடித்துக்கொண்டு நின்று, நன்றி சொன்னான்.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறுதோறும் காற்றமுக்கமானியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பின் சில்லைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்ப்பேன். வெளியில் ஒன்றும் தெரியாது. "வல்லையிலை மெதுவாப் போம். முறுக்காதையும்," என்று ஒவ்வொரு கிழமையும் சொல்வேன்.

றோஸ்மலர் சிரிப்பாள். "எனக்கு ஆஸ்பத்திரியிலை கிழமை முழுக்க ஆக்களுக்குப் பிரசர் பாக்கிற வேலை. அண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ரயருக்குப் பிரசர் பாக்கிற வேலை."

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் என்னை இவ்வளவு கவனிக்கிறேல்லை," என்பான் அவன்.

"உங்களையோ? அண்ணை சில்லை எல்லோ பாக்கிறார்."

நானும் சிரித்தேன். அவர்கள் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார்கள். அன்பு இல்லாமலும் இல்லை... அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது. சனிக்கிழமைகளில் நான்கு மணியிலிருந்து படலையடியில் நிற்பேன். இரட்டைச் சிலிண்டரின் சத்தம் ஒழுங்கையில் கேட்டதும் உள்ளே போய்விடுவேன். இன்னும் ஒரு கிழமை கிடைத்தது. அடுத்த கிழமை சொல்லிவிடலாம். இப்படி ஆறு சனிக்கிழமைகள்!

ஏழாவது, ஏப்ரல் 24. ஐந்து மணியாகியும் சத்தம் இல்லை. ஐந்தேகாலுக்கு என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லைக்கு ஓடினேன். நல்ல ரயரில்.

அவனுடைய வண்டி வீதியோரம் சாய்ந்து கிடந்தது. நான் முதலில் பார்த்தது பின் சில்லை. ஆட்களைப் பற்றி விசாரிக்கவில்லை. குனிந்து சில்லைப் பார்த்தேன். பக்கச் சுவர் பிளந்து, கிழிந்த ரியூப் வெளியே தொங்கியது. மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று, "ஆக்களை உழவு மெசினிலை பருத்தித்துறைக்கு ஏத்திப்போட்டினம். அவருக்கு உராய்ஞ்ச காயம். பொம்பிளைக்குத்தான் கை முறிஞ்சு தொங்கினது," என்றார். அதன்பிறகே சில்லை விட்டு நிமிர்ந்து, பருத்தித்துறைக்கு ஓடினேன்.

றோஸ்மலர் தான் வேலை செய்த நோயாளர் விடுதியிலேயே ஒரு கட்டிலில் கிடந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு. தேவசகாயம் சுவரோடு நின்றான். என்னைக் கண்டதும் அவள் சொன்னது வேறொன்றுமல்ல:

"அண்ணை, நீங்கள் கிழமைக்குக் கிழமை படிச்சுப் படிச்சுச் சொன்னனீங்கள், வல்லையிலை மெதுவாப் போகச் சொல்லி. இந்த மனிசன் கேட்டவரே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் பயத்தை மறைக்க நான் சொன்ன எச்சரிக்கையெல்லாம் அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. நான் திறந்தேன். "இப்ப வலி எப்பிடி?" என்று கேட்டேன்.

அந்தக் கை நேராகப் பொருந்தவில்லை. ஊசி போடவோ நாடி பிடிக்கவோ வலது கை உதவவில்லை. அவளைத் துணிகளைக் கணக்கெடுக்கும் அறைக்கு மாற்றினார்கள்.

மே 9, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேவசகாயம் மிதிவண்டியில் வந்தான். பின்னால் வெடித்த ரயர் கட்டியிருந்தது. அதை அவிழ்த்து என் முன்னால் வைத்தான்.

"அண்ணை, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. ரயரிலை பிழையோ, என்ரை ஓட்டத்திலை பிழையோ? எனக்கு உதொண்டு தெரிஞ்சால் போதும். அண்டைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் முறுக்கினனான் எண்டது உண்மை. ஆனா அவ்வளவு வேகமில்லை எண்டும் மனம் சொல்லுது."

அவன் கண்களின் கீழ் கறுத்திருந்தது. பதினைந்து நாளாக வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். பதிலை அறிந்தவன் உலகத்தில் ஒருவன்தான், அவனிடமே வந்திருக்கிறான். வேறு யாரிடம் போவான்?

அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். பிளவு, அந்த ஒன்பது சென்ரிமீற்றர் வெடிப்பின் வழியே தொடங்கி இருபக்கமும் ஓடியிருந்தது. ஒரு மில்லிமீற்றரும் விலகவில்லை. நான் நெடுநேரம் அளந்தேன். அளக்க ஒன்றுமில்லாத இடங்களையும் அளந்தேன்.

"வேகம் கூடினால் உப்பிடித்தான் பிளக்கும்," என்றேன்.

கேட்டீர்களா? முதற் குற்றத்துக்கு ஒரு பயம் காரணம் என்றாவது சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்? என் பெயருக்கு அரை அங்குலம் பிசகு வரக்கூடாது என்பதற்காக, ஒரு மனிதனைத் தன் மனைவியின் கையை முறித்தவனாக்கினேன்.

"அப்ப என்ரை பிழைதான்," என்றான். கோபமில்லை. கணக்கொன்றின் விடையை ஒத்துப்பார்த்த மாதிரித் தலையாட்டினான். "தெரிஞ்சது நல்லது அண்ணை. நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

அவர்கள் பிறகு பருத்தித்துறையில், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வருடங்களுக்கு மேலாகிறது. நத்தார் பண்டிகைக்கு றோஸ்மலர் இடது கையால் எனக்குக் கடிதம் எழுதுகிறாள். எழுத்துகள் பின்பக்கமாகச் சரிந்து கிடக்கும். "இவர் இப்ப சைக்கிள் ஓடினாலும் என்னை ஏத்தமாட்டார். பயம். நீங்கள் ஒருக்கா வந்து புத்தி சொல்லவேணும்" என்று போன கடிதத்தில் இருந்தது. நான் போகவில்லை. மூன்று முறை புறப்பட்டு, மூன்று முறையும் வல்லையில் திரும்பிவிட்டேன். திகதிகள் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமானால் தருகிறேன்... அவற்றால் உங்களுக்கு என்ன பயன்?

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவும் சொன்னது வீண்.

அந்த ஞாயிறு அவன் புறப்படும்போது, மிதிவண்டிக் கைபிடியில் மாட்டியிருந்த இன்னொரு ரயரை எடுத்தான். அவனுடைய முன் ரயர்.

"நான் இனி மோட்டார் சைக்கிள் தொடமாட்டன். இது நல்லாத்தான் கிடக்கு. உங்கடை முன்னுக்குப் பொருந்தும். இந்தக் காலத்திலை எங்கை தேடுவியள்? வைச்சுக்கொள்ளுங்கோ."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். நான் அதை வாங்கி, உட்பக்கத்தை விரித்துப் பார்த்தேன், அவன் பார்த்துக்கொண்டிருக்கவே.

மறுநாள், மே 10, திங்கட்கிழமை. விடிந்ததும், முகம் கழுவுமுன்பே, முதல் வேலையாக என் முன் சில்லைக் கழற்றி அதைப் பொருத்தினேன்.