வாசலோடு திரும்பிய மீன்

என் மகனின் கலியாணத்துக்கு முதல் நாள் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு மீன் வந்தது. சிவப்புச் சேலை கட்டி வந்தது.

பெரிய தட்டம், அதில் வாழையிலை, இலையின்மேல் என் கை நீளத்துக்கு ஒரு மீன். பிள்ளைகள் பொம்மைக்குக் கட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சேலை, அதற்குச் சரிகைக் கரை. மூக்கில் வளையம் குத்தியிருந்தது. நெற்றி என்று சொல்லக்கூடிய இடத்தில் குங்குமம். வாயில் வெற்றிலை மடித்து வைத்திருந்தார்கள். கண் மட்டும் மீன்கண்.

அனுப்பியது கலியாணப் பொம்பிளையின் தாய். பொம்பிளை கல்கத்தாப் பிள்ளை, வங்காளி. சூரிச்சுக்குப் படிக்க வந்து இங்கேயே ஒரு ஆய்வுகூடத்தில் வேலை எடுத்தவள். தகப்பன் இல்லை, தாய்க்கு ஒரே பிள்ளை. தாய் கலியாணத்துக்காக விசா எடுத்து வந்து மகளின் ஒற்றையறை வீட்டில் நின்றா. அவவுக்குத் தமிழும் தெரியாது, இந்த நாட்டு டொச்சும் தெரியாது. எனக்கு வங்காளம் தெரியாது. இரண்டு தரம் கண்டு, இரண்டு தரமும் சிரித்துவிட்டு இருந்தோம்.

எனக்கும் புருசன் இல்லை. இருபத்தாறு வருசம் லாங்ஸ்ட்ராஸத் தெருப் பக்கம் கந்தோர்களின் மேசையும் நிலமும் கூட்டித் துடைத்துத்தான் மகனை ஆளாக்கினேன். இன்றைக்கு அவன் இந்த ஊரில் டிராம் ஓட்டுகிறான். இந்த ஊரில் நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டது கிடையாது, கேட்கிற மாதிரி நடந்ததும் கிடையாது என்றுதான் போன மாரி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் பொன்னுருக்கு முடிந்திருந்தது. தாலிக்குப் பொன் உருக்கின வீட்டில் அதற்குப் பிறகு மச்சம் மாமிசம் கிடையாது, மரக்கறிதான். சட்டி பானை எல்லாம் தேய்த்துக் கழுவி, குளிர்பெட்டியில் இருந்த இறைச்சியைக்கூட அயல்வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். வீடு முழுக்கச் சனம். பலகாரம் சுட்டுக்கொண்டு இருந்தோம். அந்த நேரத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் இந்த மீன்.

தட்டத்தைப் பொம்பிளையின் சிநேகிதிகள் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாய் பின்னால், லிஃப்டடியில், வெள்ளைச் சேலைக்கு மேலே குளிர் மேலங்கி போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றா. தட்டத்தில் ஒரு விரல் படவில்லை. பெரிய இடத்து மனுசி, மற்றவர்களைக் கொண்டு சுமப்பிக்கிறா என்று நினைத்தேன்.

என் பின்னால் மச்சாள் எட்டிப் பார்த்தா. என் புருசனின் தங்கை, வாய் சும்மா இராது.

"பொம்பிளை நாளைக்குத்தானே வாறதெண்டவை? இண்டைக்கே வந்து நிற்கிறா. வடிவாத்தான் இருக்கிறா."

குசினிக்குள் இருந்த அவ்வளவு பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. என் வீட்டுச் சனத்துக்கு முன்னால் இந்தக் கூத்து என்று நினைத்தேன். மீன் வேறு உருகத் தொடங்கி இலையில் தண்ணி நின்றது, சேற்று வாடை. நாங்கள் கடல்மீன் தின்று வளர்ந்த சனம், ஆற்றுமீனை வீட்டுக்குள் எடுக்கிறதே இல்லை.

நான் கதவுக்குக் குறுக்கே கையை வைத்தேன். "நைன்" என்றேன், வேண்டாமென்று. அந்தச் சிநேகிதிப் பிள்ளைகள் டொச்சில் என்னவோ விளங்கப்படுத்தினார்கள். முறை, வழக்கம், மாப்பிள்ளை வீடு என்று காதில் விழுந்தது. கேட்கிற நிலையில் நான் இல்லை. "ஃபிஷ் நைன். நாளைக்குக் கலியாணம். ஃபிஷ் நைன்."

தாய் லிஃப்டடியிலேயே நின்றா. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா, ஓம் என்கிற மாதிரி. மூன்று பேரும் மீனோடு லிஃப்டுக்குள் ஏறினார்கள். கதவு மூடுமட்டும் நான் கையை எடுக்கவில்லை.

மகன் வேலையால் வந்தபிறகு கேட்டு ஏசினான். அவர்களின் ஊரில் மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டங்கள் அனுப்புவார்களாம், அதில் மீன் முக்கியமாம், மீனைப் பொம்பிளை மாதிரிச் சோடித்து அனுப்பினால் வீடு நிறையுமாம். கலியாணத்துக்குப் பிறகு அனுப்புகிறதுதான் முறை, ஆனால் தாய்க்கு விமானம் கலியாணத்துக்கு அடுத்த நாளே என்றபடியால் முதலே கொண்டுவந்தாவாம். "எனக்கு ஒருதரும் சொல்லேல்லையே" என்றேன். அது உண்மைதான். ஆனால் சொல்ல வந்தவர்களைத்தான் வாசலில் வைத்து நைன் என்றேன்.

அடுத்த நாள் மண்டபத்தில் பொம்பிளையின் தாய்க்குப் போட்ட கதிரை வெறுமனே கிடந்தது. தாலி கட்டும்போதும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் வந்தா, கைகூப்பினா, பிள்ளைகளின் தலையைத் தொடாமல் தூர நின்று ஆசீர்வாதம் சொன்னா. நான் பயந்துபோய் மருமகளிடம் கேட்டேன். "எங்கட வழக்கம் மாமி, பெத்த தாய் கலியாணத்தைப் பார்க்கிறேல்லை" என்று சொன்னாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கினது. வழக்கம்தானே. நல்லாச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு வருசம். மருமகள் நல்லவள். என்னிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பிடித்துவிட்டாள். பெண்சாதி கல்கத்தா, ஆனால் ஏச்சு மட்டும் யாழ்ப்பாணத்து ஏச்சு என்று மகன் பகிடி பண்ணுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். மகனுக்கு வேலையென்றால் அவள் மட்டும் வருவாள். வந்து குசினி மேசையில் தொலைபேசியைச் சாத்தி வைத்து, முகம் பார்த்துத் தாயோடு கதைப்பாள். எனக்கும் நாலு சொல் விளங்கத் தொடங்கியது. ஜாமாய் என்றால் மருமகன். ஒவ்வொரு ஞாயிறும் தாயின் முதல் கேள்வி ஜாமாய் எப்படி என்பதுதான்.

போன மாரியில் ஒரு ஞாயிறு நான் பயித்தங்காய் முறித்துக்கொண்டு இருந்தேன். அவள் தொலைபேசியை வைத்ததும் சொன்னேன், உன் அம்மா உன்னைக் கேட்க முதல் என் மகனைக் கேட்கிறா, அவ்வளவு பாசம் என்று. பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் ஒரு பயித்தங்காயை எடுத்து முறித்தாள்.

"பாசமும் இருக்குத்தான் மாமி. ஆனா கேட்கிறது பயத்தில."

பிறகு சொன்னாள். அன்றைக்குச் சிநேகிதிகள் தட்டத்தை அவளின் வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பொம்பிளை மாதிரிச் சோடித்த மீனைக் குப்பையில் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. மருதாணி போடப் போன மகள் திரும்பி வரும்போது அம்மா குளியலறையில் குந்தியிருந்து மீனின் சேலையைக் கழற்றிக்கொண்டு இருந்தா. ஊசி ஒவ்வொன்றாக எடுத்தா, மூக்குவளையத்தை எடுத்தா, கடைசியில் குங்குமத்தைத் தண்ணி தொட்டுத் துடைத்தா. துடைத்து முடித்தபிறகுதான் தன் கையைப் பார்த்தாவாம்.

அதற்குமேல் எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. குங்குமம் அழிக்கிறது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். புருசன் செத்த அன்று என் நெற்றியிலும் அழித்தார்கள்.

"அவ கலியாணம் பார்க்கிறதெண்டுதான் வந்தவ மாமி. வழக்கம் இருக்கு, ஓம். ஆனா எனக்கு ஒரே பிள்ளை, பார்க்கத்தான் போறன் எண்டு புதுச்சேலை கொண்டந்தவ. அதுக்குப் பிறகு, இந்தக் கையோட மணவறைக்கு முன்னால வரமாட்டன் எண்டிட்டா."

அப்போதுதான் லிஃப்டடி எனக்கு விளங்கினது. தான் கைம்பெண் என்றபடியால் மங்கலத் தட்டத்தைத் தொடாமல் தள்ளி நின்றிருக்கிறா. பெரிய இடத்து எடுப்பு என்று நான் நினைத்தது அதைத்தான். பொன்னுருக்குக்குத் தட்டம் எடுக்க மச்சாளைக் கூப்பிட்டுவிட்டு நானும் அப்படித்தான் சுவரோடு நின்றனான், அதுவும் அதே கிழமையில். புருசன் செத்தநாள் தொடக்கம் அவ மீனே தின்பதில்லையாம். நான் இன்றைக்கும் தின்கிறேன்.

"ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்களும் பயப்பிடுவீங்கள்."

அவள் சொன்னது சரி. அன்றையிலிருந்து தெருவில் அம்புலன்ஸ் கத்தினால் மகனுக்குத் தொலைபேசி எடுக்கிறேன். மீன் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். கை கேட்குதில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆனால் மூன்று ஞாயிறு போனது. அவள் தாயோடு கதைக்கத் தொடங்கினால் நான் பல்கனிக்குப் போய் உடுப்புக் காயப்போடுவேன், காய்ந்த உடுப்பைத் திரும்பவும் காயப்போடுவேன். நாலாவது ஞாயிறு தொலைபேசியைத் தா என்றேன்.

"சம்பந்தி," என்றேன், "அந்த மீனை நான் கையேந்தி வாங்கியிருக்க வேணும். பிழை என்ர."

மருமகள் அதை வங்காளத்தில் சொன்னாள். அவ கேட்டுக்கொண்டு இருந்தா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவ கேட்டது அதே கேள்விதான். ஜாமாய் எங்கே. வேலையில் என்றோம். அவ நம்பின மாதிரி இல்லை. திரும்பவும் கேட்டா.

நான் மேலங்கியை எடுத்தேன். மகனின் டிராம் எங்கள் தெருமுனையால்தான் போகும். தரிப்பிடத்தில் மருமகளும் நானும் குளிரில் நின்றோம், அவள் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு டிராம் வேறு சாரதிகளோடு போனது. மூன்றாவதில் அவன். எங்களைக் கண்டதும் கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் கோணினது, வேலைநேரத்தில் இதென்ன அம்மா என்கிற மாதிரி. பிறகு தொலைபேசியைக் கண்டான். கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தான். கதவு மூடிப் போய்விட்டான்.

தொலைபேசியில் அவ என்னவோ சொன்னா.

"மெலிஞ்சு போனானாம்" என்றாள் மருமகள்.

நான் தொலைபேசியைப் பார்த்து ஓம் என்று தலையாட்டினேன். வேறு நேரமென்றால் எதிர்த்துச் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு மணி அடித்ததும் தொலைபேசியை நான்தான் எடுத்தேன். முதல் கேள்வி அதேதான். மருமகளைப் பார்க்காமல், பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். "பாலோ ஆச்சே." நல்லாயிருக்கிறான். அவ என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தா. திரும்பவும் கேட்டா. நானும் திரும்பவும் சொன்னேன்.