பழனியம்மாவின் குண்டு மெஷின்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகன் சிவு, மருமகள் ரேகா, பேத்தி சஹானா, ஒத்தாசைக்கென்று கொள்ளேகாலத்திலிருந்து வந்திருந்த என் தங்கை நாகமணி. ஐசியூவில் யாரையும் கூட வைத்துக்கொள்ள மாட்டோம், போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று எங்களை அனுப்பியிருந்தார்கள். ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிவு போனைக் காதில் வைத்து "ஹௌது சார், ஹௌது சார்" என்று கன்னடத்தில் ஆமாம் சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். பழனியம்மா போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த கொட்டையைப் பிதுக்கிப் பாத்திரத்தில் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

இத்தனை பேரையும் பெயர் சொல்லி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பு வேறொரு நாளிலும் இதே ஆட்கள்தான் இந்த வீட்டில் இருந்தோம். அன்று பழனியம்மாவும் இருந்தாள். அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழனியம்மா என் கணவரின் தங்கை. மைசூர் மேட்டகள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலையில் அவளோடு உட்கார்ந்து செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றியவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். காரியத்துக்கு எல்லோரும் வந்தீர்கள். நின்று பேச எனக்குத் தெம்பில்லை, மன்னிக்க வேண்டும். சஹானாவை எழுதச் சொல்லலாம் என்று பார்த்தால் அவளுக்குக் கன்னடம்தான் எழுத வரும். நான் ஹனூரில் நாலாவது வரைக்கும் படித்தவள். அந்த நாலாவதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாத்தனாரைப் பற்றி அண்ணி என்ன நல்லது எழுதிவிடப் போகிறாள் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. புருஷன் வீட்டில் ஒத்துவராமல் தகரப் பெட்டியோடு அவள் வந்து இறங்கிய அன்று, காற்று வரும் நடு அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நானும் கைக்குழந்தையும் சமையல்கட்டை ஒட்டிய அறைக்குப் போனோம். சிவுவுக்குப் பேர் வைத்த அன்று, வந்தவர்கள் எதிரில், "பாயசம் தண்ணியா இருக்குது அண்ணி" என்றாள். மாம்பழ நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். இன்றைக்கும் அந்த நிறத்தைக் கடையில் பார்த்தால் எனக்கு வாய் கசக்கும்.

என் கணவர் ஊட்டி ரோட்டில் ஒரு கிளப்பின் சமையல்கட்டில் வேலை பார்த்தார். அங்கே விளையாட்டு அறையில் ஒரு மெஷின் இருந்தது. பின்பால் என்று அதற்குப் பெயர், எங்கள் வீட்டில் குண்டு மெஷின். நாலு கால் வைத்த நீளமான பெட்டி, உள்ளே சரிவாக ஒரு பலகை. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே பாய்ந்து, அங்கங்கே மோதி, மணியடித்து, விளக்குப் போட்டுக்கொண்டு கீழே உருண்டு வரும். அது குழியில் விழாமல் இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன மட்டைகளால் திருப்பி அடிக்க வேண்டும். தலைமாட்டில் ஒரு பெட்டி நிமிர்ந்து நிற்கும். அதன் முகப்பில் படம் வரைந்த கண்ணாடி. உள்ளே விளக்கு எரிந்தால் படம் ஒளிவிடும். குடை பிடித்துக்கொண்டு கம்பி மேல் நடக்கும் ஒரு சர்க்கஸ்காரி. நீலச் சட்டை, சிவப்புக் குடை.

வேலைக்காரர்கள் அதைத் தொடக்கூடாது. என் கணவர் காபி கொண்டுபோகும்போது பார்த்ததோடு சரி. கிளப்பை மூடியபோது, ஓடாத சாமான்தானே என்று அதை அவர் தலையில் கட்டினார்கள். அவர் என்னவோ யானை வாங்கியவர் மாதிரி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பல வருஷம் அது எங்கள் கூடத்து மூலையில் அரிசி மூட்டையையும் பழைய மெத்தைகளையும் தாங்கிக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டில் அது ஓடுவதைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

பழனியம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயம், பழைய இரும்பு எடுக்கும் குஜரிக்காரனை நான் கூப்பிட்டேன். அவன் பெட்டியைச் சுற்றி வந்து காலை ஆட்டிப் பார்த்தான். பழனியம்மா நடு அறையிலிருந்து வந்து அதன்மேல் கையை வைத்தாள்.

"இது எங்கண்ணன் சாமான், அண்ணி."

"அப்ப உங்கண்ணனுக்கு நான் யாரு?"

"சம்சாரம். அதனாலதான் உங்ககிட்டக் கேக்கறேன். இல்லாட்டி கேட்டிருப்பனா?"

குஜரிக்காரன் சிரித்துவிட்டான். உங்களுக்குள் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். நான் கூப்பிடவில்லை. அவளோடு சண்டை போடுவதைவிடக் கூடத்தில் இடத்தை விடுவது சுலபமாக இருந்தது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. கடித்த ஒயர்கள், மெத்தைப் பஞ்சு, காய்ந்த புழுக்கை. வாந்தி வருகிற நாற்றம். பழனியம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காயிலாக முகர்ந்து பார்த்தாள். "எரிஞ்ச காயில் வாசனையிலயே சொல்லிடும் அண்ணி" என்பாள். எரிந்தவற்றைக் கழற்றி, நடு அறையில் உட்கார்ந்து புதுக் கம்பி சுற்றினாள். சுற்றும்போது நான் பேசினால் பதில் வராது. பிறகுதான் புரிந்தது, மனசுக்குள் சுற்று எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று. அது தெரிந்தபிறகு வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்திருக்கிறேன்.

பலகைக்கு அடியில் எங்கு பார்த்தாலும் மெல்லிய தகடுகள். இரண்டு தகட்டின் நுனி தொட்டால்தான் மின்சாரம் போகும். நுனியெல்லாம் கறுத்திருந்தது. டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள். மூட்டு வலியோடு கீழே உட்கார்ந்து பிடித்தேன். பீரோவில் கட்டி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, மஞ்சள் தடவிய மூலையைத் தனியாக வைத்துவிட்டு, மிச்சத்தை நாடா நாடாக வெட்டினாள்.

"மங்களமான பத்திரிகைய வெட்டறியே, உனக்கு ஈவு இரக்கம் இருக்குதா?"

"இவங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் எடுத்தாச்சு அண்ணி. அட்டைக்கு இப்பத்தான் வேலை வந்திருக்குது."

நாகமணி மகள் கல்யாணப் பத்திரிகைதான் இருந்ததிலேயே கெட்டி. தகடுகளுக்கு நடுவில் அந்த நாடாவை வைத்து மெல்ல இழுத்தால் கறுப்பு அட்டையில் வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் முடியுமே என்றேன். "தேய்ச்சாத் தகடே போயிரும். இது அழுக்க மட்டும் எடுத்துக்கிட்டு, தகட்ட விட்டுரும்" என்றாள்.

குண்டு மோதும் இடங்களில் ரப்பர் வளையங்கள் வெடித்துப்போயிருந்தன. அதே அளவில் வாங்க, பழைய வளையங்களைக் கையில் வளையல்போல் போட்டுக்கொண்டு மோட்டார் சாமான் கடைகளுக்கு நடந்தாள். கண்ணாடி வளையலுக்கு நடுவே கறுப்பு ரப்பர். பஸ்ஸில் ஒருத்தி, இது என்ன வேண்டுதல், மாதேஸ்வரன் மலைக்கா என்று கேட்டாளாம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஒருநாள் பெட்டிக்குள் தூக்குக்குண்டு மாதிரி ஒன்று தொங்குவதைக் காட்டி, இது எதற்கு என்றேன்.

"கோவத்துல பெட்டியப் புடிச்சு ரொம்ப ஆட்டினா, இது போய்ப் பக்கத்து வளையத்தைத் தொடும். உடனே ஆட்டம் நின்னுரும். உங்கள மாதிரி."

"என்ன மாதிரியா?"

"லேசா ஆட்டிட்டாப் போதுமே, வாரக்கணக்கா வாயத் தொறக்க மாட்டீங்க."

அன்று டார்ச்சை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் சமையல்கட்டில் நின்று சிரித்தேன்.

தசரா நெருங்கும்போது மணி அடித்தது, விளக்கு எரிந்தது, வலது பக்க மட்டை அடித்தது. இடது பக்க மட்டைக்கு மட்டும் ஒரு தகட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆயுத பூஜை அன்று காலையில் அதையும் முடித்து, பூஜை போட்டு, முதல் ஆட்டத்தை நான் ஆட வேண்டும் என்றாள். "அண்ணன் ஆடல. நீங்க ஆடுங்க" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்லவில்லை.

படக் கண்ணாடியைக் கழற்றி நடு அறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். படம் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்தது, தண்ணீர் பட்டால் உதிர்ந்துவிடும் என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் ஈரத்துணியால் முன்பக்கத்தை மட்டும் துடைத்தாள். நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நாகமணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்று சாயங்காலம் வீடு முழுக்கக் கழுவல். மைசூரில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எந்த வீட்டில்தான் துணி ஈரமில்லாமல் இருக்கும்?

காலையில் எழுந்து பார்த்தால் சர்க்கஸ்காரியின் முகம் இல்லை. குடை இல்லை. நீலச் சட்டையில் பாதி இல்லை. கம்பி மேல் இரண்டு கால்கள் மட்டும் நின்றன.

நான் கத்தினேன். யார் தொட்டது, இப்போதே சொல்லுங்கள் என்று கத்தினேன்.

"நான் ஸ்கூட்டர் கழுவினதோட சரிம்மா" என்றான் சிவு.

"மிக்ஸியும் கிரைண்டரும்தான் அத்தே நான் தொட்டது" என்றாள் ரேகா.

"நான் அந்த ரூமுக்கே ஹோகல அஜ்ஜி" என்று சஹானா அழுதாள்.

நாகமணி பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, "எனக்கென்னக்கா தெரியும்? நான் நேத்து வந்தவ" என்றாள்.

பழனியம்மா கண்ணாடியை ஜன்னலுக்குக் கொண்டுபோய் முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. நிறைய நேரம் பார்த்தாள்.

"விடுங்க அண்ணி. நான்தான். மத்தியானம் தொடச்சனில்ல, முன்பக்கம்னு நெனச்சுப் பின்பக்கத்தைத் தொடச்சிருக்கேன்."

"நீ அப்பிடிச் செய்யறவ இல்ல. நான் பாத்துட்டுதானே இருந்தேன்."

"வேற யாருமே தொடலைங்கறாங்களே. அப்ப நான்தானே?"

தொடவில்லை என்ற நாலு பேர் வார்த்தையை நம்பினாள். தன் கண்ணை நம்பவில்லை.

அன்று கண்ணாடியைத் திரும்ப மாட்டி, மெஷினுக்குக் குங்குமம் மட்டும் வைத்தோம். யாரும் ஆடவில்லை. இடது மட்டையின் தகட்டை அவள் சரிசெய்யவே இல்லை. ஒயர் பற்றவைக்கும் சூட்டுக்கோலையும் ஈயத்தையும் தகரப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு ஒவ்வொன்றாக விட்டாள். ஊசியில் நூல் கோக்க என்னிடம் கொடுத்தாள். அரிசியில் கல் பொறுக்குவதை ரேகாவிடம் விட்டாள். அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்றாள். சாமான் கடைகளுக்குத் தனியாக நடந்தவள், தெருவைத் தாண்ட சஹானா கையைப் பிடித்தாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண் நன்றாக இருக்கிறது அம்மா என்று அவர் சொன்னார். வெளியில் வந்து, "அவரு அந்தக் கண்ணாடியப் பாக்கலையே அண்ணி" என்றாள்.

தொழிற்சாலைத் தோழிகளே, உங்களிடமும் அவள் சொல்லியிருப்பாள். "எனக்குக் கண்ணும் கையும் போச்சு, நானே கெடுத்துட்டேன்" என்று.

அவள் போனது வேறு வியாதியில். அந்தப் பழியை யார் மேலும் போட மாட்டேன்.

காரியம் முடிந்து வந்தவர்கள் போனபிறகு, நாகமணி ஈரத்துணியோடு கூடத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மெஷின் பக்கம் போனாள். களைப்பில் கண்ணை மூடிக்கொண்டிருந்த நான், "படத்துக்குப் பின்னாடித் தண்ணி படாமத் தொடை" என்றேன்.

"தெரியும்க்கா. அன்னைக்குப் பட்டதே போதும்."

கண்ணைத் திறந்தேன். "என்னைக்கு?"

அவள் துணியைப் பிழிந்தாள். "ஆயுத பூஜைக்கு நான் வந்தன்னைக்கு. பின்னாடி ஒரே தூசியா இருந்துச்சு. தொடச்சா நீலமும் சிவப்புமா வந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"காலையில கேட்டனே?"

"நீ அந்தக் கத்துக் கத்தினே. அப்புறம் அவளே ஒத்துக்கிட்டா. ஒத்துக்கிட்டதுக்கப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்? போனது ஒரு பழைய படம். அதுக்கு எவ்வளவு ஆர்ப்பாட்டம்."

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. வாளியை வைத்துவிட்டு ஊருக்குப் போ என்றேன். சிவு அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தான்.

அதனால் இதை எழுதினேன். அவளைத் தெரிந்த எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். பழனியம்மாவின் கண் ஏமாற்றவில்லை. அவள் கை தப்புச் செய்யவில்லை. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

மெஷின் கூடத்திலேயே இருக்கிறது. நேற்று பிளக்கைப் போட்டேன். அந்தக் கால்கள் இரண்டும் வெளிச்சத்தில் நின்றன. ஸ்பிரிங்கை இழுத்து விட்டேன். மணி அடித்தது. வலது பக்கம் வந்த குண்டை அடித்தேன், இடது பக்கம் வந்தது விழுந்துவிட்டது. அந்தத் தகட்டைச் சரிசெய்ய எனக்கு வராது, ஆள் வைத்துச் செய்யவும் மனமில்லை. விழட்டும். அவளுடையதில் நான் எடுத்துவைத்திருப்பது வெடித்த ரப்பர் வளையம் ஒன்று, நுனி கறுத்த பத்திரிகை நாடா ஒன்று. நாடாவில் நாகமணி மகள் பெயரில் பாதி இருக்கிறது.

நடு அறையை மன்னித்துவிட்டேன். பாயசத்தையும் மன்னித்துவிட்டேன், அது தண்ணீராகத்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்ததைக்கூட மன்னித்துவிடுவேன், தெரியாமல் செய்தது. ஆனால் ஒருத்தி தன் கண்ணையே சந்தேகப்பட்டு ஒவ்வொரு வேலையாகக் கீழே வைத்ததை, வருகிற போதெல்லாம் பார்த்துக்கொண்டு, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தாளே, அவளை மன்னிக்க மாட்டேன். என் கூடப்பிறந்தவள், நாகமணி.