வெளியே எத்தனை பாகை?

குளிர்சாதனம் பூட்டுகிறவனுக்கு உண்மையில் வேலை குளிரோடு அல்ல, வெளியே நிற்கிற சூட்டோடுதான். உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை பாகை வித்தியாசமோ அதற்கேற்பச் சூடு சுவரால் நுழையும். வெளிச்சூட்டைப் பிழையாக எழுதினால் மிச்சக் கணக்கெல்லாம் பிழை. என்னைப்போல் அதில் அடிபட்டவர்களுக்கு இது புதிதல்ல.

விதைக்கிழங்கு

சண்டிலிப்பாயில் கந்தையா அண்ணைக்கு விதை உருளைக்கிழங்கு வைக்க ஒரு குளிரறை போட்டுக் கொடுத்தேன். அளவெடுக்கப் போனது ஒரு மார்கழிக் காலமை, வெயில் ஏறமுன். வெப்பமானி இருபத்தைந்து காட்டியது. அதையே வெளிச்சூடாக எழுதி, அதற்கேற்ற இயந்திரம் பூட்டினேன். சித்திரையில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது. இயந்திரம் ஓயாமல் ஓடியும் அறை குளிரவில்லை. நான் போனபோது கிழங்கு அழுகிச் சாக்கு நனைந்திருந்தது. அடுத்த போகத்துக்கு அவரிடம் வேறு விதை இல்லை. ஏசுவார் என்று நின்றேன். அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"நீர் வந்தது மார்கழி, தம்பி. கிழங்கு கிடந்தது சித்திரை."

யன்னலடி

கோப்பாயில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பிரிட்ஜ் குளிரவில்லை என்று கூப்பிட்டார். உள்ளே கணவருடைய இன்சுலின். பிரிட்ஜில் பழுதில்லை, நின்ற இடம்தான் பிழை: ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் பின்னேர வெயில் காய்ச்சும் சுவர். வெப்பமானியோடு வீடு முழுக்க நடந்தேன். சூடு குறைந்த இடம் முன்னறை யன்னலடி ஒன்றுதான். அங்கே, பாரிசவாதத்தில் விழுந்த கணவரின் கட்டில். பிரிட்ஜை அங்கே வைக்கக் கட்டிலை மாற்றச் சொன்னேன்.

"அதிலை கிடந்துதான் அவர் றோட்டைப் பாக்கிறவர். அதையும் பறிக்கட்டோ?"

முகம்

கொக்குவிலில் ஒரு செத்தவீடு. இறந்தவரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்துசேர மூன்று நாள். உடல் வைக்கும் குளிர்ப்பெட்டியோடு போனேன். சின்ன அறைக்குள் முப்பது பேர். அத்தனை உடம்புச் சூட்டில் பெட்டிக்குள் பாகை ஏறிக்கொண்டே போனது. இறந்தவரின் கணவரைத் தனியக் கூப்பிட்டேன்.

"ஐயா, ஆக்களை வெளியிலை விடுங்கோ. இல்லாட்டி முகம் மாறிப்போடும்."

அவர் ஒவ்வொருவரையும் கும்பிட்டு அனுப்பினார். கடைசியில் தானும் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு வாசலில் குந்தினார். அதற்குப் பிறகு பாகை ஏறவில்லை. மகன் வந்தபோது முகம் அப்படியே இருந்தது. அவன் பெட்டியைப் பார்த்தான், ஒருவருமில்லாத அறையைப் பார்த்தான், தகப்பனிடம் திரும்பினான்.

"அம்மாவை ஏனப்பா தனிய விட்டனீங்கள்?"

ஐயா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சுற்றியிருக்கிற சூட்டைக் கணக்கில் எடுக்கத்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள், சுற்றியிருக்கிற ஆட்களை எங்கே எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.