நாலாம் பக்கத்து நீலத்தாள்

போஸ்டர் ஒட்டுபவரின் வாளியிலிருந்து வந்த மைதாப் பசை வாசனை, இடித்துவிட்ட ஜீயபுரத்து வீட்டின் பின்கட்டுக்கு என்னை இன்று கொண்டுபோனது. அறுபதுகளில் அக்கா அங்கே உட்கார்ந்து கார்த்திகைக்குக் கூண்டு விளக்கு, மார்கழிக்குக் கோல நோட்டு, ஆடிப்பெருக்குக்குச் சின்ன மூங்கில் சப்பரம் என்று பருவத்துக்கொன்றாகச் செய்வாள். ஒவ்வொன்றின் அடியிலும் அன்று மனசில் ஓடியதைப் பென்சிலால் ஒரு வரி எழுதுவாள். சப்பரத்தைச் செய்வது அவள், காவிரிக்கு இழுத்துப்போவது நான்.

ஓர் ஆனி மாதம் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். சப்பரத்தில் மூன்று பக்கம்தான் நீலத்தாள் ஒட்டியிருந்தது.

"இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லடி" என்றாள் அம்மா.

கேட்காமல் நாலாம் பக்கத்தை ஒட்டக் கவிழ்த்தேன். அடியில், 'அடுத்த வருஷம் தங்கச்சி செய்யட்டும், நான் இழுக்கிறேன்.'

மறு ஆடிக்குச் செய்துவைத்தேன். அது பின்கட்டிலேயே நின்றது.