வேப்பிலை கட்டிய வாசல்கள்

எங்கள் சுகாதார ஆபீஸைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரே அறை. பாதி நாள் குதிரை மேலேயே இருக்கும் வெள்ளைக்கார டாக்டர், காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஒருவர், அம்மை குத்துகிறவர்கள் இரண்டு பேர், குப்பைக்கும் சாக்கடைக்கும் சில ஆட்கள். இவர்களோடு நான், ஒரே பெண்பிள்ளை. மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கத்துக் கூலி லைனில், தட்டிக் குடிசைகளில் நெருக்கியடித்துக் கிடந்த அத்தனை சனத்துக்கும் நாங்கள்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்து படித்தவள் என்று என்னை எடுத்தார்கள். குழந்தையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வது என் வேலை. கையில் கீறி அம்மைப்பால் வைப்பது ஆண்கள் வேலை. தாய்மாரிடம் திட்டு வாங்குவதும் என் வேலைதான், அதை யாரும் பங்கு கேட்கவில்லை.

தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு அப்பால் அம்மைக் கொட்டகை ஒன்று போட்டார்கள். பெரியம்மை கண்டவர்களை அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று உத்தரவு. உடனே லைனில் யாரும் வாசலில் வேப்பிலை கட்டுவதில்லை என்று ஆயிற்று. அம்மன் வந்த வீட்டிலேயே அவளுக்கு ஒளிமறைவு! வேப்பிலை இருந்தால் அந்த வாசலை யாரும் தாண்ட மாட்டார்கள். அது இல்லாமல் போகவே, பிள்ளைகள் வீட்டுக்கு வீடு நுழைந்து விளையாடின. நோயும் கூடவே நுழைந்தது.

டிரஸ்ஸர் எங்கள் வேலூர்ப் பக்கத்து ஆள். வாய் நிறையத் தங்கச்சி என்று கூப்பிடுவார். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்:

"பழையபடி வேப்பில கட்டச் சொல்லு தங்கச்சி. அந்த வூட்ட நாங்க தொட மாட்டோம். சுத்துப்பக்கத்து வூட்டுல இருக்கற புள்ளைங்களுக்கு மட்டும் குத்திட்டுப் போறோம். என் புள்ள மேல சத்தியம், வேப்பில கட்ன வாசல நான் மிதிக்க மாட்டேன்."

பிள்ளை மேல் சத்தியம் பண்ணுகிறவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் கட்டினாள். அவளுடைய ஆறு வயது மகளுக்கு அப்போதுதான் முத்துப் போட்டிருந்தது. "நீ சொல்றியேன்னு கட்றேன் அக்கா" என்றாள். அவளைப் பார்த்து எதிர் வீடு கட்டியது, பின் வரிசை கட்டியது. அக்கம்பக்கத்தார் தாங்களாகவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மை குத்த வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரையே நான்தான் காப்பாற்றுகிறேன் என்று ஒரு நினைப்பு.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். காலையில் இரண்டு மாட்டுவண்டியும் நாலு சேவகர்களும் லைனுக்குள் வந்தார்கள். முன்னால் டிரஸ்ஸர், கையில் ஒரு காகிதம். எனக்குத்தான் படிக்கத் தெரியுமே, எட்டிப் பார்த்தேன். வேப்பிலை கட்டிய வீடுகள், ஒன்று விடாமல் வரிசையாக. ஒரே நாளில் எழுதினதல்ல அது. மேலே இருந்த வரிகள் மை வெளுத்திருந்தன. பக்கத்து வீடுதான் முதல் வரி. கட்டச் சொன்ன நாளிலிருந்தே இந்த மனுஷன் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்!

"இன்னா அண்ணே இது?" என்றேன்.

"மேலிடத்து உத்தரவு தங்கச்சி. பொம்பளைங்க இருக்கற வூடு, நீ உள்ள போயி கொயந்தய தூக்கினு வா."

சத்தியத்தை அவர் மீறவில்லை, பாருங்கள். வாசலை மிதிக்காமல் தெருவிலேயே நின்றார். மிதித்தவள் நான். அன்றே வேலையை அவர் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். சேவகனைப் பார்த்து பயந்தேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் வாழையிலையில் கிடந்த பிள்ளையைச் சேலையில் சுற்றித் தூக்கினேன். அதன் தாய் என்னைத் தடுக்கவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள். கொட்டகை வேலிக்கு அப்பால் அவளை விடவில்லை. நாலாம் நாள் பிள்ளை செத்துப்போனதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாகிவிட்டது, முகத்தைக்கூடக் காட்டவில்லை.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அவன் வெளியாளு, அவன நான் நம்பல. உன்னத்தானே அக்கா நம்பனேன்?" என்று மட்டும் கேட்டாள். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன் என்று அதுவரை டிரஸ்ஸரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு லைனில் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. யார் வீட்டில் அம்மன், யார் வீட்டில் இல்லை என்று எனக்கே தெரியாமல் போயிற்று. என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள்.

என் புருஷன் சுரங்க ஷாப்டில் இறங்குகிறவர். கை வீங்கினால் ஷிப்டு போய்விடும் என்று அம்மை குத்திக்கொள்ளவே மாட்டேன் என்றவர். ஊருக்கெல்லாம் குத்த வைத்தவளால் சொந்தப் புருஷன் கையை நீட்ட வைக்க முடியவில்லை. எந்த வீட்டில் ஒட்டிக்கொண்டதோ, மாசக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்து. பாயைச் சுற்றி வேப்பிலை பரப்பினேன். வாசலில் ஓர் இணுக்குகூடச் செருகவில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். போகாவிட்டால் தேடி வந்துவிடுவார்களே.

"இன்னா தங்கச்சி, உன் வூட்டுக்காரரு மூணு நாளா ஷாப்டு பக்கம் வரலியாமே?" என்றார் டிரஸ்ஸர்.

"ஊருக்குப் போயிருக்காருங்க அண்ணே. வூட்டுல எல்லாம் சவுக்கியம்" என்றேன்.

பிறகு, வரிசையில் முதலில் நின்றவளிடமிருந்து கைக்குழந்தையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.